மதிலில் ஒரு கறிக்கண்

கறிக்கண் என்று ஒரு வழக்கம் யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அதை நான் உண்டாக்கினேன். ஒரு புதன்கிழமை பின்னேரம், மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள்...

நீங்கள் நம்பினீர்கள். நண்பர்களுக்கு அனுப்பினீர்கள். உங்களிற் சிலர் வீட்டு மதிலையே அதற்காக மாற்றிக் கட்டினீர்கள். மூன்று வருடங்களாக நான் வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்.

நான் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்து வளர்ந்தவள். ஆனால் அங்கே சபை முழுவதும் ஒரே குரலில் அதைச் சொல்வதால் எவருடைய பாவமும் தனியாகக் கேட்பதில்லை. அந்த வசதியை அறுபத்தாறு வயதுவரை அனுபவித்துவிட்டேன். இங்கே என் குரல் மட்டுந்தான் கேட்கும்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சிறிது பின்னாலிருந்து தொடங்குகிறேன். மிஷன் பள்ளிக்கூடமொன்றின் நூலகத்திலிருந்து ஓய்வுபெற்ற வருடத்தில், ‘கடகம்’ என்ற இந்த முகநூல் பக்கத்தைத் தொடங்கினேன். சந்தைக்குப் போய்வந்த பனையோலைக் கடகத்துக்குள் கீரையும் கிழங்கும் சவர்க்காரமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்குமே, அப்படி எனக்குப் பிடித்த எல்லாவற்றையும் இதற்குள் போட்டேன். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் காற்றுகளுக்கு வைத்திருந்த பெயர்கள். ஐஸ்லாந்துக்காரருக்கும் எங்களைப் போலவே குடும்பப்பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் என்ற சேதி. இலைவெட்டி எறும்புகள் நிலத்துக்கடியில் செய்யும் காளான் தோட்டம். அலவாங்கு, அலுமாரி என்ற சொற்கள் போர்த்துக்கேயரோடு கப்பலில் வந்து இறங்கிய கதை. அளவெட்டியில் ஒரு நாதசுரக்காரர் சீவாளியை நாவில் நனைத்துப் பதம் பார்க்கும் விதம்.

ஒரு வாரம் விண்மீன்கள் எப்படி இறக்கின்றன என்று எழுதிவிட்டு, மறுவாரம் பனங்கிழங்கு எப்படி ஒடியலாகக் காய்கிறது என்று எழுதும் சுதந்திரம்! முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அறிந்ததில்லை. நீங்கள் கேள்வி கேட்பீர்கள், நான் தேடுவேன், தேடும்போது வேறொன்று அகப்படும், அது அதற்கடுத்த புதன்கிழமைக்கு ஆகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மற்றவர்களின் பக்கங்களுக்குப் போய், “இதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்கும் ஆள் நான். எத்தனை பேரை அப்படிக் கேட்டு வாயடைக்கச் செய்திருக்கிறேன்... அவர்களும் இதை வாசிக்கட்டும்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்திய வாரந்தான் காற்றுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்காக ஒரு மாதம் அலைந்தேன். வயதான மீனவர் இருவரைக் கரையில் இருத்தி, சோளகம் எது, கொண்டல் எது என்று கேட்டு எழுதினேன். பதினொரு பேருக்கு அது பிடித்திருந்தது. பதினொருவரில் ஒருத்தி என் தங்கை.

மனம் சுருங்கிவிட்டது. அடுத்த பதிவுக்கு ஒன்றும் ஆயத்தமாக இல்லை. கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மதிலிலுள்ள ஓட்டையின் படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதற்குள் முகம் வைத்திருந்ததால் எடுத்த படம். மாலை வெயில் ஓட்டையினூடாக விழுந்து, கல்லின் விளிம்பெல்லாம் பொன்னாக இருந்தது.

அந்த ஓட்டையின் உண்மையான வரலாறு இதுதான். எங்கள் கிணற்று மோட்டர் எரிந்துபோன ஒரு கோடையில், பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குழாய் இழுப்பதற்காகச் சில கற்களைத் தட்டி எடுத்தோம். மோட்டரைத் திருத்தியபின் ஒருவரும் அதை அடைக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் எழுதியதோ வேறு. முற்காலத்தில், வலிகாமத்தின் சில ஊர்களில், மதில் கட்டும்போது அயல்வீட்டாரோடு கறி மாற்றிக்கொள்வதற்காக ஒரு திறப்பு விடுவார்கள் என்றும், அதற்குக் கறிக்கண் என்று பெயர் என்றும், காணி உறுதிகளில் வழியும் வாய்க்காலும் கிணற்றுப் பங்கும் எழுதப்படுவதுபோலவே அதுவும் எழுதப்பட்டிருந்தது என்றும் எழுதினேன். ‘என்று அறியமுடிகிறது’ என்று முடித்தேன். யார் அறிந்தது? எங்கே அறிந்தது? நூலகத்தில் இருந்தவளுக்குத் தெரியும், எந்தச் சொல்லைப் போட்டால் எவரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று.

விதிகளும் வகுத்தேன். கறிக்கண் நெஞ்சுயரத்தில் இருக்கவேண்டும். கிழக்குப் பக்கத்து வீடே முதலிற் கொடுக்கவேண்டும். வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பக்கூடாது. இரு வீட்டாரும் முகம் பாராதிருக்கும் காலத்திலும் கறிக்கண்ணை அடைக்கக்கூடாது. இவற்றுள் மூன்றாவது மட்டும் எங்கள் வீடுகளில் உண்மையாகவே உள்ள பழக்கம். இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் சட்டியைத் திருப்பிக் கொடுப்போம். அந்த ஓர் உண்மையின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவை எல்லாம் உள்ளே நுழைந்தன.

நல்லெண்ணத்தில் எழுதினேனா? தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை வேலிகள் போய் மதில்கள் எழும்புகின்றனவே என்ற கவலையிலா? அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கும் விருப்பந்தான். ஆனால் அன்று என் மனதில் இருந்தது பதினொன்று என்ற எண்ணிக்கை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆயிரத்துக்கு மேல். நான் அஞ்சினேனா? இல்லை. சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிய வழியச் சிரித்தேன்.

பின்னூட்டங்கள்தான் என்னை முதன்முதலில் பயமுறுத்தின. ரொறன்ரோவிலிருந்து ஒரு பெரியவர், “எங்கடை வீட்டு மதிலிலையும் இருந்தது. ஐயா அதாலைதான் பக்கத்து வீட்டுக்கு மீன்குழம்பு குடுக்கிறவர்” என்று எழுதினார். நோர்வேயிலிருந்து ஒருத்தி, தான் சிறுமியாக இருந்தபோது அதற்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதாக எழுதினாள். அளவெட்டிக்காரர் ஒருவர் (நூலகத்தில் இருந்த என்னையும் எல்லோரும் ரீச்சர் என்றே அழைப்பார்கள்) என்னைத் திருத்தவே செய்தார்: “பிழை ரீச்சர். மேற்குப் பக்கத்து வீடுதான் முதல் குடுக்கிறது. எங்கடை ஊரிலை அப்பிடித்தான்.”

அவருக்கு நான் என்ன மறுமொழி எழுதினேன் தெரியுமா? ‘தகவலுக்கு நன்றி, ஊருக்கு ஊர் வேறுபடலாம்.’

அன்றே சொல்லியிருக்கலாம். அன்றே அது ஒரு வேடிக்கையாக முடிந்திருக்கும்...

இரண்டு மாதம் கழித்து ஒரு மேசன் அழைத்தார். புத்தூர்ப் பக்கத்தில் மதில் வேலையாம்.

“ரீச்சர், கறிக்கண்ணுக்கு உள்ளளவு எவ்வளவு? படத்திலை வடிவாத் தெரியேல்லை.”

“ஒரு அடிக்கு ஒரு அடி,” என்றேன். அளவும் சொன்னேன்! 

அந்த மதில் ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே எழும்பியது. இங்கே அவர்களைப் பரமலிங்கம் என்றும் கமலா என்றும் அழைக்கிறேன். அவை அவர்களுடைய பெயர்கள் அல்ல. தாயின் காணியைப் பிரித்தபோது நில அளவையாளர் போட்ட எல்லைக்கல் சரியா பிழையா என்று தொடங்கிய வழக்கு, ஆறு வருடப் பேச்சின்மையாக முற்றியிருந்தது. கமலா என் வாசகி. பதிவை மேசனுக்குக் காட்டியவள் அவள். மேசன் அதைப் பரமலிங்கத்துக்குக் காட்டியிருக்கிறார்.

பரமலிங்கம் கேட்டாராம்: “உது ஆர் எழுதினது?”

“மிஷன் பள்ளிக்கூடத்து ரீச்சர்.”

“அப்ப பிழை இராது. ஓட்டை விடு.”

மேசன் வாயிலாகக் கேட்ட இந்தச் சொற்களைக் கமலா பின்னர் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். 

ஆனால் கேளுங்கள், அதன்பின் நடந்ததைச் சொல்லும்போது என் மனம் இன்றும் துள்ளுகிறது. அதை மறைத்தால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும்.

மதில் கட்டி முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, கமலா கத்தரிக்காய்ப் பால்கறியை ஒரு சட்டியில் விட்டு, கறிக்கண்ணில் வைத்துவிட்டு வந்தாள். கிழக்குப் பக்கத்து வீடு அவளுடையது. விதிப்படி அவளே தொடங்கவேண்டும். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தபோது சட்டி கழுவப்பட்டு அதே இடத்தில் இருந்தது. உள்ளே ஒரு பிடி பச்சைமிளகாய்.

அடுத்த வெள்ளியும் அப்படி. அதற்கடுத்த வெள்ளியும். ஒரு சொல் இல்லை. மூன்று மாதம் சட்டி மட்டும் போய்வந்தது. பிறகு ஒருநாள், சட்டியை எடுக்கப்போன கமலாவுக்கு மதிலின் அப்பாலிருந்து குரல் கேட்டது.

“உப்புக் கூடிப்போச்சு.”

ஆறு வருடங்களின்பின் அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை! அவள் அந்த மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அழுதுகொண்டே, “அடுத்த முறை குறைக்கிறன்” என்றாளாம்.

நான் அங்கே போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமையை மறக்கமுடியாது. கமலாவோடு மதிலண்டை நின்றேன். அப்பால் பரமலிங்கம் ஒரு பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது கறிக்கண்ணுக்குள் நுழையவில்லை.

“உந்த ரீச்சர் அளவைக் குறைச்சுப் போட்டா,” என்றார், நான் நிற்பது தெரியாமல்.

“அண்ணை, கேற்றாலை கொண்டு வாங்கோவன். பத்தடி நடந்தாக் கால் தேய்ஞ்சு போகுமோ?”

“அது வழக்கத்திலை இல்லை.”

“நான் வரட்டோ அப்ப?”

“அதுவும் வழக்கத்திலை இல்லை. கத்தி எடுத்துக்கொண்டு வாறன், நில்.”

பூசணிக்காய் இரண்டாக வெட்டப்பட்டு, பாதி பாதியாக வந்து சேர்ந்தது. கமலா என் தோளில் முகம் புதைத்துச் சிரித்தாள். அப்போது அவர் அப்பாலிருந்து சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: “வழக்கம் எண்டபடியால் விட்டு வைச்சிருக்கிறன். இல்லாட்டி அண்டைக்கே சீமெந்தாலை அடைச்சிருப்பன்.”

 அந்த ஓட்டை திறந்திருப்பதற்கு ஒரே காரணம் என் பொய்! நான் உண்மையைச் சொன்னால் அது அடைபடும். சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் உங்கள் எல்லோர் முன்னும் நான் யார்?

இப்படி எனக்கு மறைந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது. அவர்களுக்காகத்தான் பேசாதிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி, உங்களுடைய மதிப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. கறிக்கண் விட்டுக் கட்டிய மதில்களின் படங்களை நீங்கள் அனுப்பியபோது ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் செவ்வரத்தம் பூ வைத்திருந்தது. இன்னொன்றில் இரண்டு தேத்தண்ணிப் பேணிகள். பொய்யிலிருந்து இத்தனை அழகு வரலாமா? வந்திருக்கிறதே. வந்ததற்காக நான் வருந்தவேண்டுமா? எனக்கு வருந்த முடியவில்லை. அதுவும் ஒரு குற்றமா?

சென்ற மாதம் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் எழுதினார். ஊர் வழக்கங்களைத் தொகுத்து நூலாக்குகிறார். கறிக்கண்ணுக்கு ஒரு முழுப் பக்கம். ‘நீங்கள் பார்த்த காணி உறுதியின் பிரதியை அனுப்பமுடியுமா அம்மா?’ என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

இரண்டு நாள் மறுமொழி எழுதவில்லை. அந்த இரண்டு நாளில் நான் யோசித்ததையும் சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்களில் யாருடைய பெயரைச் சொன்னால் திரும்பப் போய்க் கேட்கமுடியாது என்று யோசித்தேன்... இரண்டு பெயர்கள் அகப்பட்டன. அவற்றை ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். அந்தத் தாளைக் கண்டபோதுதான், இனிமேல் இதை என்னால் தூக்கிக்கொண்டு நடக்கமுடியாது என்று தெரிந்தது.

விரிவுரையாளருக்கு உண்மையை எழுதினேன். ‘அந்தப் பக்கத்தை நூலிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது’ என்று பதில் வந்தது. என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உங்களிடம் சொல்வதற்கு முன் பரமலிங்கத்திடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸேறிப் போனேன். வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கோ ரீச்சர். இந்த வெய்யிலுக்கை என்ன அவசரம்?”

“ஒண்டு சொல்லவேணும் அண்ணை. கோவிக்கக்கூடாது.”

“கோவம் வாறமாதிரிச் சொன்னாக் கோவிக்கத்தானே வேணும்.”

சொன்னேன். தண்ணீர்க் குழாய்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. ஒரு பிடி கட்டினார். இன்னொரு பிடி கட்டினார்.

“பழைய ஆக்கள் ஒருத்தரும் உப்பிடி ஓட்டை விடேல்லையோ?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லை.”

“உறுதியிலை எல்லாம் இருந்தெண்டு போட்டிருந்தியள்.”

“அதுவும் நான் எழுதினதுதான்.”

“நல்லாத்தான் எழுதியிருக்கிறியள்.”

பாராட்டா, ஏளனமா? முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. அவர் கட்டிய பிடியைக் கீழே வைத்தார்.

“அப்ப மூண்டு வருசமா நான் அவளுக்குக் குடுத்ததெல்லாம்... நானாக் குடுத்ததோ?”

“ஓம் அண்ணை.”

களவெடுத்துப் பிடிபட்டவரைப்போல் மதிலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“கமலா உதுகளை வாசிக்கிறவளோ?”

“கிழமை தவறாமல்.”

 நான் எழும்பினேன். அப்போதுதான் கேட்டார்: “இந்தக் கிழமை வேண்டாம். அடுத்த கிழமை எழுதுவியளோ? சனிக்கிழமை அவளின்ரை பிறந்தநாள். மாம்பழம் பழுக்கப் போட்டிருக்கிறன்.”

அந்தக் கிழமை எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாசற்படலைவரைக்கும் கூடவே வந்தார். படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்லி அவளுக்குக் குடுக்கிறது, ரீச்சர்?”

இத்தனை வருடம் எத்தனை நூல்களைப் புரட்டினேன்! அந்தக் கேள்வியை ஒன்றிலும் கண்டதில்லை. படலைக்கு வெளியே இறங்கினேன்.

“எழுதுறதெண்டா அரைகுறையா எழுதாதேங்கோ,” என்றார் அவர். “நான் கேட்டதையும் சேர்த்து எழுதுங்கோ.”

கமலா வாசிப்பாள் என்று தெரிந்தே சொன்னார். சொன்னபடி எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை கமலா ஒரு படம் அனுப்பினாள். கறிக்கண்ணில் வாழையிலைத் துண்டு விரித்து, ஆறு கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ‘சட்டி ஒண்டும் நான் குடுக்கேல்லை ரீச்சர். இது எந்த வழக்கம்?’ என்று கேட்டிருந்தாள்.  கமலா, இதுதான் மறுமொழி. என்னை நீ மன்னிக்கவேண்டும் என்று கேட்பதற்கு எனக்கு வாயில்லை.

உங்களிடமும் கேட்கவில்லை. மதிலில் ஓட்டை விட்டவர்கள் அதை அடைப்பதா, வைத்திருப்பதா என்று என்னைக் கேட்காதீர்கள். அளவு சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன்.

நாளைமறுநாள் வெள்ளிக்கிழமை. கமலா சட்டியோடு மதிலண்டை வருவாள் என்றே நம்புகிறேன். அப்பால் அவர் நிற்பாரா? மூன்று வருடங்களாக அவர் அங்கே நிற்பதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்திருந்தேன். இன்று அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். இனி நிற்பதென்றால் அவர் ஒரு காரணமும் இல்லாமல், தங்கை என்பதற்காக மட்டும், அவள் பார்க்க நிற்கவேண்டும். மூத்தவராகப் பிறந்து, முகத்தைத் திருப்பியே பழகிய ஒரு மனிதருக்கு அது எத்தனை பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அதை அவர் தலையில் ஏற்றியவள் நான்.